முக்கால் மைல் கூடம்

செங்கரடு ஜங்ஷன் ரயில்வே காலனியில் நாற்பத்தாறாம் எண் வீட்டின் கூடம் பத்தடிக்குப் பன்னிரண்டடி என்றுதான் எல்லாப் பதிவேடுகளிலும் இருந்தது. அந்தப் பன்னிரண்டடி, பங்குனி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், பார்சல் கிளார்க் சவரிமுத்து ஒரு கிளிக்கூண்டைக் கொண்டுவந்து அடுப்படி நிலைக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டு, வாசல்வரை திரும்பிப் போய்ச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நிமிர்வதற்குள், முக்கால் மைலாக நீண்டுவிட்டது.

வெளியிலிருந்து பார்த்தால் ஒரு மாற்றமும் இல்லை. நாற்பத்தைந்தாம் வீடும் நாற்பத்தேழாம் வீடும் அதனதன் இடத்தில் நின்றன, நடுவில் நாற்பத்தாறு எப்போதும்போல ஒடுங்கிக்கொண்டு நின்றது. உள்ளேதான் சிவப்புச் சிமெண்டுத் தரை வாய்க்கால் போல நேராக ஓடியது. இரண்டு ஜன்னல் வெளிச்சத்தை அத்தனை தூரத்துக்கும் பங்கு போட வேண்டியிருந்ததால் அது தண்ணீர் விட்ட மோர் போல வெளுத்துக் கிடந்தது. கடைக்கோடியில் அடுப்படி நிலை ஒரு தபால்தலை அளவுக்குத் தெரிய, அதற்குள் அவர் மனைவி அமலோற்பவம் மிளகு அளவுக்கு உட்கார்ந்து வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். நிலைக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி. அதுதான் கிளி.

சவரிமுத்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். அப்புறம் கூப்பிட்டார்.

“அமலி!”

தண்டவாளத்தின் ஒரு முனையில் தட்டினால் மறுமுனையில் கேட்பதுபோல, குரல் சுவர் வழியாகவே போய்ச் சேர்ந்தது.

“என்னங்க?”

“கூடம் நீண்டுபோச்சு.”

மிளகு அசைந்தது. எட்டிப் பார்த்திருப்பாள்.

“அப்ப இனிமே இதை யாரு பெருக்குறது?” என்று கேட்டாள் அமலோற்பவம்.

கிளி வந்த கதை சின்னது. பதினோரு நாளுக்கு முன் மெயில் வண்டியில் வந்து இறங்கியது. வழியில் பெய்த மழையில் அட்டையில் இருந்த விலாசம் கரைந்துவிட்டது. ‘உயிருள்ளது, கவனம்’ என்ற சிவப்பு எழுத்து மட்டும் கரையவில்லை. யாரும் கேட்டு வரவில்லை. கருவாட்டுக் கூடைக்கும் சைக்கிள் டயர்க் கட்டுக்கும் நடுவில், இரும்பு முத்திரை அடிக்கும் சத்தத்துக்கு ஒவ்வொரு தடவையும் தூக்கிவாரிப் போட்டுக்கொண்டு, நெஞ்சு இறகைத் தானே பிடுங்கிப் போட்டுக்கொண்டு, கூண்டின் மூலையில் தலைகீழாகத் தொங்கியது. யாராவது கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போகலாம் என்றார் அதிகாரி. சவரிமுத்து போட்டார். முப்பத்தோரு வருட சர்வீஸில் ‘உயிருள்ளது, கவனம்’ என்று ஒட்டிய எத்தனையோ கூடைகள் அவர் கை வழியாகப் போயிருந்தன: கோழி, முயல், நாய்க்குட்டி, ஒரு தடவை சர்க்கஸ் குரங்கு. போய்ச் சேர்ந்த இடத்தில் அவற்றில் ஒன்றாவது பயம் தெளிந்து ஒரு வாய் தின்றதா என்று அவருக்குத் தெரியாது. இந்த ஒன்றிலாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். ஒரே ஒரு தடவை அது தன் கையிலிருந்து வாங்கித் தின்றால் போதும். அந்த ஆசையைத் தவிர அந்த வருடம் அவருக்கு வேறு வேண்டுதல் இல்லை.

அன்றைக்கே ஒரு கொய்யாப்பழத்தை எடுத்துக்கொண்டு நடந்தார். பார்சல் தூக்கப் போகிறவரைப் போல விறுவிறுவென்று, இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு, கண்ணை அதன்மேலேயே வைத்துக்கொண்டு போனார். கால் மணி நேர நடையில் கூண்டு கூண்டாகத் தெரிந்தது. கிளி அவரைப் பார்த்தது. உடம்பை ஒடுக்கி, கண் பாப்பாவைச் சுருக்கி, கம்பியோடு கம்பியாக ஒட்டிக்கொண்டது. அந்த இடத்துக்கு மேல் அவர் ஒரு தப்படி வைத்தால் கூண்டு ஒரு தப்படி தள்ளிப் போனது. பத்து வைத்தால் பத்து. ஆனாலும் அவர் விடவில்லை. வாசலுக்குத் திரும்பி, வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கக் கதவு வழியாக அடுப்படிக்குள் நுழைந்தார். நுழைந்து கிளியை நிமிர்ந்து பார்த்ததும் அடுப்படியும் நீளத் தொடங்கியது. அடுப்பு ஒரு பக்கம் போனது, அம்மிக்கல் ஒரு பக்கம் போனது, உலையில் கொதித்துக்கொண்டிருந்த சோறு கண்ணுக்கெட்டாத தூரத்துக்குப் போனது.

“வெளிய போங்க!” என்று கத்தினாள் அமலோற்பவம். “உங்க கூடத்தை என்ன வேணா செஞ்சுக்கங்க. என் அடுப்படிய இழுக்காதீங்க.”

அன்றோடு பின்பக்கக் கதவு அவருக்கு அடைபட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அமலோற்பவத்துக்கும் கிளிக்கும் நடுவில் இருந்த தூரம் முதல் நாளிலிருந்தே இரண்டடிதான். அவள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. “இன்னொரு வாயா?” என்று முணுமுணுத்தாள், அவ்வளவுதான். அரிசி களைந்தாள், அடுப்பு ஊதினாள், பச்சை மிளகாய் நறுக்கும்போது ஒன்றை எடுத்து, அடுப்புக்குள் விறகு தள்ளுவதுபோல, முகத்தைத் திருப்பாமல் கம்பி வழியே தள்ளிவிட்டாள். கிளி அவள் முதுகைப் பார்த்தபடி மிளகாயை ஒரு காலில் பிடித்துத் தின்றது. ஆசைப்பட்டவருக்கு முக்கால் மைல், அலட்சியப்படுத்தியவளுக்கு இரண்டடி.

காலனி இந்த விஷயத்தை ஞாயிற்றுக்கிழமைக்குள் செரித்துவிட்டது. ரயில்வேக்காரர்களுக்குத் தூரம் புதிதில்லை. குறிக்கப்படாத தூரம்தான் அவர்களுக்கு ஆகாது. தண்டவாளம் பராமரிக்கும் கேங் மேஸ்திரி சின்னக்கண்ணு இரண்டு ஆட்களோடு வந்து, சங்கிலி பிடித்து அளந்து, பர்லாங்குக்கு ஒரு கல்லாக, வாசலில் பூஜ்யம் தொடங்கி கிளிக்கு முன்னால் ஆறு வரை, சுண்ணாம்படித்துக் கறுப்பு எண் எழுதிய ஏழு கற்களைக் கூடத்தில் நட்டுவிட்டுப் போனார். திங்கட்கிழமை டிக்கெட் பரிசோதகர் வைத்திலிங்கம் வந்தார். அவருக்குச் சர்க்கரை இருநூற்று எண்பது. நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். வெளியே வெயில், மழை, நாய்.

“சவரி சார், ஆறாம் கல் வரைக்கும் போய்ட்டுத் திரும்பிடுறேன். கிளியைத் தொந்தரவு பண்ண மாட்டேன்” என்றார்.

சவரிமுத்துவால் யாரிடமும் மாட்டேன் என்று சொல்ல முடியாது. வைத்திலிங்கத்தின் பின்னால் பதினாறு பேர் வந்தார்கள், பதினாறு நாற்பத்தொன்றானது. போகிறவர்கள் இடப்பக்கம் அப் லைன், வருகிறவர்கள் வலப்பக்கம் டவுன் லைன் என்று வைத்திலிங்கம் கோடு போட்டார். மாதா கோயில் பெண்கள் ஜெபமாலையை முதல் கல்லில் தொடங்கி நான்காம் கல்லில் முடிக்கும்படி நடையை அமைத்துக்கொண்டார்கள். ரயில்வே ஆஸ்பத்திரி நர்ஸ் அங்கேதான் சைக்கிள் பழகினாள். இரண்டு கல்யாணப் பேச்சு இரண்டாம் கல்லுக்கும் மூன்றாம் கல்லுக்கும் நடுவில் முடிந்தது. இத்தனைக்கும் வீட்டுக்காரரான சவரிமுத்து தன் கூடத்தில் குறுக்கே நடக்க வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் பார்த்துத்தான் நடக்க வேண்டியிருந்தது.

கட்டட இன்ஸ்பெக்டர் மாசிலாமணி மட்டும் மகிழவில்லை. வெளியே டேப் பிடித்தார், பன்னிரண்டடி. உள்ளே பிடித்தார், மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது அடி.

“அனுமதி இல்லாம கட்டடத்தை விஸ்தரிச்சிருக்கீங்க” என்றார்.

“நான் விஸ்தரிக்கல சார். கிளிக்குப் பயம்.”

“பயத்துக்குன்னு தனியா ஃபாரம் இல்லையே” என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டு, மேலிடத்துக்கு எழுதினார். விஸ்தரித்த பகுதிக்கு ரயில்வே சிமெண்டு பயன்பட்டதா என்று கேட்டு மேலிடத்திலிருந்து பதில் வந்தது. இல்லை என்று எழுதினார். அப்படியானால் மறுபடி அளக்கவும் என்று வந்தது. அவர் மாதம் ஒரு தடவை அளந்தார்.

வாசல் பக்கம் நாற்காலி, அடுப்படிப் பக்கம் காபி என்று வீடு பிரிந்து போனதில், முதல் வாரம் சவரிமுத்து ஆறிய காபிதான் குடித்தார். இரண்டாம் வாரம் அமலோற்பவம் சுவர் வழியாகச் சொல்லி அனுப்பினாள்.

“முக்கால் மைல் நடந்து வந்து காபி குடுக்க என்னால ஆகாது. நாலு மணிச் சங்கு ஊதினதும் நான் இங்கேருந்து கெளம்புறேன், நீங்க அங்கேருந்து கெளம்புங்க.”

அப்படித்தான் மூன்றாம் கல் அவர்கள் இடமானது. லோகோ ஷெட் சங்கு நாலு மணிக்கு ஊதும். அவள் பித்தளைத் தூக்கோடு கூண்டைப் பார்க்காமல் கூண்டுக்குக் கீழே புகுந்து நடந்து வருவாள். அவர் அப் லைனில் நடந்து போவார். மூன்றாம் கல்லருகே இரண்டு பேரும் தரையில் உட்காருவார்கள். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அவர்கள் ஒரு நாளைக்குப் பேசியது மூன்று வாக்கியம்: சாப்பாடு ஆச்சா, வெந்நீர் வச்சிருக்கு, கதவைச் சாத்து. இப்போது மூன்று பர்லாங் நடந்து வந்துவிட்டுச் சும்மா திரும்ப முடியாது என்பதால் பேசினார்கள். தனக்குச் சிக்கரி கலந்த காபி பிடிக்காது என்று அவள் சொன்னது அங்கேதான். “பின்ன ஏன் இத்தனை வருஷம் போட்ட?” “உங்களுக்குப் பிடிக்கும்னு.” “எனக்கும் பிடிக்காது. நீ போட்டியேன்னு குடிச்சேன்.” இரண்டு பேரும் டம்ளரைப் பார்த்தார்கள். ராமேஸ்வரத்தில் கடல் பார்க்க வேண்டும் என்ற ஆசை அவளுக்கு இருந்தது என்பதும், வருடா வருடம் வந்த இலவச பாஸை அவர் எழுதி வாங்காமலே விட்டது அவளுக்குத் தெரியும் என்பதும் அங்கேதான் வெளிவந்தன.

அவர் தன் கவலையைச் சொன்னதும் அங்கேதான்.

“உன்கிட்ட மட்டும் எப்படித் தின்னுது?”

“நான் அதைப் பாக்குறதே இல்லையே.”

“நான் ஆசையாத்தானே பாக்குறேன்.”

“நீங்க பாக்குறது பார்சலைப் பாக்குற பார்வை. எங்க கிழிஞ்சிருக்கு, எங்க ஒழுகுதுன்னு. கல்யாணம் ஆன புதுசுல என்னையும் அப்படித்தான் பாத்தீங்க. நானும் ரெண்டு பர்லாங் தள்ளிப் போயிருப்பேன், எங்கப்பா வீடு தூரமாப் போச்சு.”

சவரிமுத்து அதை மூன்று நாள் யோசித்தார். நான்காம் நாள் நாற்காலியைத் திருப்பிப் போட்டார். கோந்தும் துருவும் நாறும் கையைச் சீயக்காய் போட்டுக் கழுவினார். அமலோற்பவத்தின் பழைய சேலையால், முன்பக்கம் ஒன்றை மட்டும் விட்டு, கூண்டின் மற்ற பக்கங்களை அவளையே மூடச் சொன்னார். மாலை ஐந்து பத்து மணி பாசஞ்சர் வண்டி போனதும், நாள் தவறாமல், நேரம் தவறாமல், ஆறாம் கல்லுக்கு நூறு தப்படி இப்பால் நாற்காலியைப் போட்டு, கிளிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தன்னிடம் இருந்த ஒரே புத்தகமான ரயில்வே கால அட்டவணையை வாய்விட்டுப் படித்தார். திண்டுக்கல், அம்பாத்துறை, கொடைரோடு, வாடிப்பட்டி, சோழவந்தான், சமயநல்லூர். ஏற்றமும் இறக்கமும் இல்லாத குரல். படித்து முடித்ததும் நாற்காலிக்குப் பின்னால் ஒரு கொய்யாத் துண்டை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார். அதை அமலோற்பவம் எடுத்துக் கம்பி வழியே தள்ளிவிடுவாள்.

பத்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. பதினோராம் நாள் அவருக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. கரகரவென்று, அரைத்த மாவில் மணல் கிடப்பதுபோல. திரும்பிவிடாமல் இருக்க நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அலகை உரசுது” என்று அடுப்படியிலிருந்து சொன்னாள் அமலோற்பவம். “ஒத்தைக் கால்ல நிக்குது. தூங்கப் போகுது போல.”

அன்று இரவில் கூடம் அரை பர்லாங் சுருங்கியது.

வைகாசியில் நான்கு பர்லாங். ஆனியில் இரண்டு. கற்கள் அப்படியேதான் இருந்தன. அவற்றுக்கு நடுவில் இருந்த தரைதான் உள்ளே போய்க்கொண்டிருந்தது. பல் முளைத்த வாய்போலக் கற்கள் நெருங்கின. கிளியின் நெஞ்சில் புது இறகு துளிர்த்தது. அவர் பார்க்கும்போதே அது தின்றது. அவர் பார்க்காததுபோலப் பார்த்தார். ஆடியில் கூண்டின் கதவைத் திறந்தே வைத்தார்கள். அது வெளியே வரவில்லை, ஆனால் கதவு திறந்திருப்பதைத் தெரிந்துகொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தது.

நடைக்காரர்கள் இதைக் கவனித்தார்கள். முன்பு இரண்டு சுற்றில் முடிந்த நடைக்கு இப்போது எட்டு சுற்று வேண்டியிருந்தது. அப் லைனும் டவுன் லைனும் திரும்புமிடத்தில் முட்டிக்கொண்டன. வைத்திலிங்கம் நாற்பத்தொரு கையெழுத்தோடு ஒரு மனுவைக் கொண்டுவந்தார்.

“சார், தப்பா நினைக்கக் கூடாது. என் சர்க்கரை இப்ப நூத்து நாப்பது. எல்லாம் அந்தப் பிராணி புண்ணியம்.”

“சந்தோஷம் சார்.”

“அது முழுக்கப் பயம் தெளிஞ்சுட்டா எங்க கதி என்ன? மாசத்துக்கு ஒருக்கா லேசா, ரொம்ப லேசா, ஒரு தட்டைத் தட்டினாக்கூடப் போதும்...”

சவரிமுத்துவால் மாட்டேன் என்று சொல்ல முடியாது என்று முன்பே சொன்னேன். மனுவை வாங்கி, தேதி போட்டு, பெற்றுக்கொண்டதாக ரசீது எழுதிக் கொடுத்தார். தட்டைத் தட்டவில்லை.

ஆவணியில் எஞ்சின் டிரைவர் ராஜுலு ஓய்வு பெற்றார். ஒரு டிரைவர் கடைசி வண்டியை ஓட்டி வரும்போது தண்டவாளத்தின்மேல் பனிக்கால வேட்டுகளைக் கட்டி வைத்து, சக்கரம் ஏறும்போது அவை வெடிக்க, அந்தச் சத்தத்தோடு அவரை இறக்கி மாலை போடுவது எல்லா ஜங்ஷனிலும் உள்ள மரியாதை. காலையில் பிளாட்பாரத்தில் அது நடந்தது. ஆனால் ராஜுலு நடைக் கூட்டத்தில் மூத்தவர். தன் பாராட்டு விழா கூடத்தில்தான் நடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். அப்போது கூடம் நூற்றிருபது தப்படி நீளம் இருந்தது. அறுபது பேர் உட்காரத் தாராளம். மாலையும் நாற்காலியும் ஏற்றி வரப் பார்சல் ஆபீஸ் கைவண்டி கிடைக்குமா என்று வைத்திலிங்கம் கேட்டார். சவரிமுத்து கொடுத்தார். பாயாசம் என் பொறுப்பு என்றாள் அமலோற்பவம்.

மாலை நாலரை மணிக்கு ராஜுலுவைக் கைவண்டியில் உட்கார வைத்து, பாரத்துக்கு இன்னும் நாலு பேர் ஏறிக்கொண்டு, மற்றவர்கள் வாசல் பக்கம் நிற்க, பூஜ்யம் கல்லிலிருந்து தள்ளினார்கள். தரையில் மூன்று வேட்டுகள் இருந்ததைச் சவரிமுத்து பார்க்கவில்லை. மரியாதையில்லாமல் ஒரு டிரைவரை அனுப்பக்கூடாது என்பதைத் தவிர யார் மனதில் வேறு என்ன இருந்தது என்று இப்போது சொல்வதற்கில்லை. அமலோற்பவம் பாயாசத் தூக்கோடு மூன்றாம் கல்லருகே வந்துகொண்டிருந்தாள்.

ஒன்று. இரண்டு. மூன்று.

புகை கலைந்தபோது கூடம் இல்லை, தூரம்தான் இருந்தது. முதல் கல் ஒரு பல் அளவுக்குத் தெரிந்தது. இரண்டாம் கல் அரிசி. அதற்கப்பால் சிவப்புத் தரை வானம் போன இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. மூன்றாம் கல் தெரியவில்லை. அங்கே நின்றவளும் தெரியவில்லை.

“அமலி!” என்று கூப்பிட்டார் சவரிமுத்து. சுவர் குரலை வாங்கிக்கொண்டது. திருப்பித் தரவில்லை.

காலனி உடனே வேலையில் இறங்கியது. சின்னக்கண்ணு சிவப்புக் கொடியோடு ஓடினார். அரை மணி கழித்துத் திரும்பி வந்து முதல் கல்லே வரவில்லை என்றார். இவர் ஓடியதில் இரண்டாம் கல்லும் மறைந்துவிட்டது. “டிராலியைக் கொண்டாரச் சொல்றேன்” என்றார் வைத்திலிங்கம். “பின்பக்கக் கதவை உடைக்கலாமா?” என்றார் ஒருவர். மாசிலாமணி டேப்பை எடுத்தார். கழுத்தில் மாலையோடு ராஜுலு, “சாகறதுக்கு முன்னாடி ஒரு தடவை மரியாதை கேட்டேன், அதுக்கு இப்படியா” என்று அழுதார்.

“எல்லாரும் வெளிய போங்க” என்றார் சவரிமுத்து.

அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை, அன்றும் உயரவில்லை. ஆனாலும் அறுபது பேரும் செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே போனார்கள். அவர் கதவைச் சாத்தினார். நாற்காலியை எடுத்து, கூடத்துக்கு முதுகைக் காட்டிப் போட்டு உட்கார்ந்தார். கால் இரண்டும் ஓடப் பார்த்தன. நாற்காலிக் காலோடு அவற்றைப் பின்னி வைத்துக்கொண்டார். ஒரு தப்படி அவர் கிளியை நோக்கி வைத்தால் அவள் ஒரு தப்படி போய்விடுவாள். கால அட்டவணையை விரித்தார்.

முதல் தடவை படித்தபோது குரல் நடுங்கியது. நடுங்கும் குரலைக் கிளி நம்பாது என்று அவருக்குத் தெரியும். நிறுத்தி, மறுபடி தொடங்கினார். பறிகொடுத்தவன் ஒருவன், ஒன்றையும் பறிகொடுக்காதவன்போலப் படிக்க வேண்டும்; அதுதான் வேலை. சங்கு ஊதிய நாலு மணியும், இதோ கொதித்துக்கொண்டிருக்கிற பாலும், அரிந்து வைத்த வெங்காயமும் எல்லாம் அதனதன் இடத்தில் இருப்பதுபோல, ஐந்து பத்து பாசஞ்சர் போன சாதாரண நாள்போல, அவர் திண்டுக்கல்லில் தொடங்கி மதுரைக்கு வந்தார். மதுரையிலிருந்து சிலைமான், திருப்புவனம், திருப்பாச்சேத்தி, மானாமதுரை என்று கிழக்கே திரும்பினார். ராமேஸ்வரம் போனார். திரும்பத் திண்டுக்கல்லுக்கு வந்தார். ஐந்து பத்து போனது. ஆறு மணிக்குக் கோயில் மணி அடித்தது. வெளியே அறுபது பேர் மூச்சுவிடாமல் நின்றார்கள். மூன்றாம் தடவை கண் மங்கி, வரி தெரியாமல், மனப்பாடத்தில் சொன்னார்.

“மானாமதுரை. பரமக்குடி. சத்திரக்குடி...”

“சூடியூரை விட்டுட்டீங்க” என்று வெகு தூரத்திலிருந்து, சுவர் வழியாக, ஒரு குரல் வந்தது.

சவரிமுத்து திரும்பவில்லை. திரும்பாமல் இருந்ததுதான் அவர் வாழ்க்கையில் செய்த பெரிய காரியம்.

“எங்க இருக்க?”

“எங்கன்னு யாருக்குத் தெரியும்? கல்லு பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். அது கூண்டை விட்டு எறங்கி நடந்து வருது.”

“பறக்கலையா?”

“ரெக்கை கத்தரிச்சதுதானே. நடந்துதான் வருது. குண்டுக் குருக்கள் மாதிரி ஆடி ஆடி. என்னைத் தாண்டிப் போச்சு, நான் பாக்கல. பின்னாடியே வரேன். வேகமா வந்தா மிரளும்.”

“பாயாசம்?”

“இருக்கு. பேசாதீங்க. படிங்க.”

மானாமதுரை, சூடியூர், பரமக்குடி என்று அவர் படித்தார். கிளி நடந்தது. அவள் அதன் பின்னால், அதைப் பார்க்காமல், எங்கேயோ வேறு வேலையாகப் போகிறவளைப் போல நடந்தாள். சிமெண்டில் நகம் படும் டிக் டிக் சத்தம் முதலில் கேட்டது. அப்புறம் தூக்கின் பிடி கிணுகிணுப்பது கேட்டது. அப்புறம், ஷண்டிங்கில் பெட்டிகள் முட்டுவதுபோல, கல் ஒன்றோடொன்று நெருங்கும் சத்தம். ராமநாதபுரம். உச்சிப்புளி. வேட்டி நுனியில் ஒரு இழுப்பு. மண்டபம். முழங்காலில் கூர்மையாக எட்டு நகங்கள். பாம்பன். புத்தகம் பிடித்திருந்த கையின் மேல், ஒரு எலுமிச்சம்பழக் கனத்தில், சூடான வயிறு ஒன்று வந்து உட்கார்ந்தது.

அவர் ராமேஸ்வரம் என்று சொல்வதற்குள் கிளி குனிந்து அந்த வார்த்தையைப் புத்தகப் பக்கத்திலிருந்து கிழித்து, காலில் பிடித்துக்கொண்டு, நிதானமாகத் தின்றது.

“ஆறிப்போச்சு. குடிங்க” என்றாள் அமலோற்பவம், தூக்கை அவர் பக்கத்தில் வைத்து. அவள் புடவை முழங்கால்வரை புழுதியாக இருந்தது. அந்தக் கூடத்தில் அவ்வளவு புழுதி எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்கவில்லை. கிளி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அலகை அவர் சட்டைப் பொத்தானில் உரசியது.

கதவைத் திறந்தபோது கூடம் பத்தடிக்குப் பன்னிரண்டடி இருந்தது. எட்டிப் பார்த்தவர்களில் அமலோற்பவத்தைக் கண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டவர்களும் உண்டு, கூடத்தைக் கண்டு பெருமூச்சு விட்டவர்களும் உண்டு, இரண்டையும் செய்தவர் வைத்திலிங்கம். மறுநாளிலிருந்து அவர் சரக்கு யார்டில் குடை பிடித்துக்கொண்டு நடந்தார், வழியில் கண்டால், “கிளி சௌக்கியமா?” என்று உடம்பு சரியில்லாத உறவைக் கேட்பதுபோலக் கேட்டார். மாசிலாமணி கடைசியாக ஒரு தடவை அளந்து, உள்ளும் புறமும் பொருந்துவதாக எழுதினார். முன்பு பொருந்தாமல் போனதற்கு விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. அந்தக் கோப்பு அவர் ஓய்வு பெற்ற பிறகும் திறந்தே இருந்தது.

கற்களைப் பிடுங்க உத்தரவு வரவில்லை. நட்டதற்கே உத்தரவு இல்லாததால் பிடுங்க உத்தரவு போட முடியாது என்றார்கள். ஆகவே பூஜ்யம் முதல் ஆறு வரை ஏழு கற்களும், தப்படிக்கு ஒன்றாக, கூடத்தின் நடுவில் வரிசையாக நின்றன. வந்தவர்கள் எல்லாரும் தடுக்கி விழுந்தார்கள். கிளி அவற்றின்மேல் ஏறி இறங்கி நாள் முழுக்க இன்ஸ்பெக்ஷன் செய்தது. பெரும்பாலும் நாலாம் கல்லில் உட்கார்ந்து ஐந்து பத்தை எதிர்பார்த்தது.

கூடம் சுருங்கிய மறுநாள் சவரிமுத்து வாசல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அடுப்படி ஆறே தப்படி தூரத்தில் இருந்தது. பழைய நாள்போல அவள் உள்ளிருந்தபடியே டம்ளரை நீட்டலாம், அவர் போய் வாங்கிக்கொள்ளலாம், பேச்சுக்கு அவசியம் இல்லை. அதை நினைத்து அவர் காலையிலிருந்தே ஒரு மாதிரியாக இருந்தார். கால அட்டவணையில் அந்த ஓட்டையைப் பார்த்தார்.

“கடைசி ஸ்டேஷனைத் தின்னுருச்சு” என்று உள்ளே பார்த்துச் சொன்னார்.

“புஸ்தகத்துல இல்லேன்னா நேர்லதான் போய்ப் பாக்கணும்” என்றாள் அமலோற்பவம். “பாஸ் எழுதிக் குடுங்க. அதையும் தூக்கிட்டுப் போலாம்.”

நாலு மணிச் சங்கு ஊதியது. அவள் சிக்கரி இல்லாத காபியைத் தூக்கில் ஊற்றி, முந்தானையைச் செருகிக்கொண்டு, அடுப்படி நிலையைத் தாண்டிக் கூடத்துக்குள் இறங்கினாள். அவர் எழுந்தார். ஆளுக்கு மூன்று தப்படி. இரண்டு பேரும் நடந்தார்கள்.